பதினாலு இடத்துப் பூ

ஆனி பிறந்து பத்து நாளாகியும் கொடைக்கானல் பஜாருக்கு வெயில் எட்டிப் பார்க்கவில்லை. சாரல் விழுவதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடந்தது. சம்சுல் ஆலம் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அவருடைய மகன் ஜாசிமும் மருமகள் ஷாஸியாவும் படுத்துக்கொண்டார்கள். இன்னொன்றில் இரண்டு பேரும் வெப்சைட் செய்தார்கள். அந்த அறைச் சுவரில் ஈரம் ஊறி வாடை அடிக்கும். கேமராவும் ஹார்டு டிஸ்க்கும் கெட்டுப் போகாமல் இருக்க, ஷாஸியா அவற்றைத் துணிப்பையில் சுற்றி அரிசி போட்ட எவர்சில்வர் தூக்கில் மூடி வைத்திருந்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமியார் சபுரா அந்தத் தூக்கைப் பார்க்கும்போதெல்லாம், படம் எடுக்கிற பெட்டிக்குப் பொன்னி அரிசி, மனுசருக்கு ரேசன் அரிசி என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஜாசிம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். காலை ஒன்பது மணி இருக்கும். பெரும்பாறைக் கந்தவேலின் காப்பித் தோட்டத்துக்குச் செய்த வெப்சைட் ஏறக்குறைய முடிந்துவிட்டது. செல்போனில் திறந்து விரலால் இழுத்தால் தோட்டம் சுற்றிலும் திரும்பும். ஓரிடத்தில் தொட்டால் தேனீ இரையும். இன்னோரிடத்தில் தொட்டால் தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் பேசுவார். மொத்தம் பதினாலு இடம். பதினாலும் பங்குனி மழைக்குப் பிறகு காப்பி பூத்திருந்தபோது எடுத்தவை. காப்பிப் பூ மூன்று நாள்தான் நிற்கும். நாலாம் நாள் பழுப்பேறி உதிர்ந்துவிடும். கந்தவேல் போன் செய்து, பூத்துருச்சு வெரசா வாங்க என்று சொன்ன அன்றைக்கே இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் தங்கி எடுத்து வந்தார்கள்.

இப்போது கந்தவேல் புதிதாக ஒன்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் காப்பி வாங்குகிற வியாபாரிகள் கூடுகிற கண்காட்சி. அங்கே ஆளுயரத் தொடுதிரை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். அதில் அதே தோட்டம் விரிய வேண்டும்.

"பெரிய படத்த எடுத்துக் குடு. மூலத்துல கெடக்கும்ல," என்றான் ஜாசிம்.

ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது ஷாஸியாவின் சோலி. எந்த வேலை வந்தாலும் நாலு ஃபோல்டர் போடுவாள். மூலம், வேலை, தளம், அனுப்ப. கேமராவிலிருந்து வந்தது மூலத்துக்குப் போகும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதிலிருந்து நகல் எடுத்துத்தான் வெட்டுவதும் ஒட்டுவதும். இவ்வளவையும் அவள் பள்ளிக்கூடத்து ரூல் போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதியும் வைப்பாள். எழுதினாலும் அவளுக்கு நம்பிக்கை வராது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறி இழுத்துப் பார்க்கிற ஆள் அவள்.

மூலத்தைத் திறந்தாள். முதல் படத்தின் அகலம் பன்னிரண்டாயிரம் புள்ளி இருக்க வேண்டும். இரண்டாயிரம் என்று காட்டியது. வேறு ஃபோல்டரைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடி மறுபடி திறந்தாள். மூலம்தான். இரண்டாவது படம் இரண்டாயிரம். மூன்றாவதும் அப்படியே. ஏதாவது ஒரு படம் நன்றாக இருக்கும் என்று பதினாலு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தூக்கைத் திறந்து, டிஸ்க்கை எடுத்துச் சொருகினாள். அதிலும் பதினாலும் இரண்டாயிரம்.

ஜாசிம் திரும்பாமலே, என்ன ஆச்சு என்று கேட்டான். டிஸ்க் கொஞ்சம் மெதுவாக எடுக்கிறது என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அவள் கையெழுத்து அவளை ஏமாற்றவில்லை. மே பதினாலாம் தேதி, சாயங்காலம் நாலு இருபது. பதினாலு படமும் சுருக்கியாச்சு, கந்தவேல் அண்ணனுக்கு அனுப்பியாச்சு. பக்கத்தில் ஒரு டிக்.

சீசன் நேரம் அது. ஊருக்குள் கார் நிற்க இடமில்லை. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தால் மலைக்கு வருகிற கொஞ்ச நஞ்ச நெட்டும் திணறிப் போகும். ஒரு படம் அனுப்ப அரை நாள் ஆகும். அதற்காகவே ஜாசிம் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தான். வீட்டில் அதற்குச் சுருக்கி என்று பெயர். ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதற்குள் இருக்கிற படம் அத்தனையையும் அதே பெயரில் சின்னதாக்கிவிடும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இதே வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒன்று தேவைப்படாது. இங்கே அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அனுப்ப என்கிற ஃபோல்டரில் நகல் போட்டுவிட்டு அதைத்தான் சுருக்கிக்குக் காட்ட வேண்டும்.

அன்றைக்குக் கடையில் ஆள் போதாமல் மாமியார் கூப்பிட்டுவிட, ஷாஸியா கீழே இறங்கி லேப்டாப்பைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாக்லேட் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கந்தவேல் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். வியாபாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், படத்தை அனுப்பு என்றார். நகல் எடுக்கப் போனால் இடமில்லை என்றது லேப்டாப். தைலம் இருக்கா என்று ஒரு கூட்டம் வந்து நின்றது. ஒரு தடவைதானே, மேலே தூக்குக்குள் டிஸ்க்கில் இன்னொன்று இருக்கிறதே என்று சுருக்கிக்கு மூலத்தையே காட்டிவிட்டாள்.

பத்து நாள் கழித்து டிஸ்க்கைச் சொருகியபோது, லேப்டாப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே தன்னையும் மாற்றிக்கொண்டது டிஸ்க். அதற்குத்தான் அதை அப்படி அமைத்து வைத்திருந்தார்கள். செல்போன் வெப்சைட்டுக்கு இரண்டாயிரம் போதும் என்பதால் இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை. கேமராக் கார்டில் இருந்ததை எப்போதோ அழித்து, பஜாரில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டு போயாயிற்று.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சொன்னாள்.

ஜாசிம் கத்துகிறவன் இல்லை. கேட்டு முடித்துவிட்டுக் கம்பளியை எடுத்து மடித்து நாற்காலியில் போட்டான். மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டான். அவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நாலு வருசம் இருந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு, இங்கிருந்தே செய்கிறேன் என்று வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. இதுவரை செய்ததெல்லாம் லாட்ஜுக்கும் டிராவல்ஸுக்கும் நாலு பக்க வெப்சைட். பெரும்பாறை வேலைதான் பெயர் சொல்லிக் காட்டுகிற மாதிரி வந்த முதல் வேலை. இது கண்காட்சியில் நின்றால் இன்னும் நாலு தோட்டக்காரர்கள் வருவார்கள் என்று கந்தவேலே சொல்லியிருந்தார். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போனால் அங்கே நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பான். அவள் இங்கே கீழே கடையில் இருப்பாள். அவன் மாதம் ஒரு தடவை வந்து போவான். இதையெல்லாம் இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். பேசாமல் விட்டது ஒன்றும் இல்லை.

"கார்ட எடு, பாப்போம்," என்றான்.

அழித்த படத்தைத் தோண்டி எடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இரண்டு நாள் ஓட்டினான். கரண்ட் போய்ப் போய் வந்தது. கார்டிலிருந்து கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டா வந்தது. மணமகனின் செருப்பு வந்தது. சம்சுல் ஆலம் தொப்பியைச் சரி செய்துகொண்டிருக்கிற படம் மூன்று வந்தது. கடைசியில் ஒரே ஒரு காப்பிச் செடி மேல் பாதி மட்டும் வந்தது. கீழ்ப் பாதி சாம்பல் நிறப் பட்டை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கீழே போனபோது சம்சுல் ஆலம் பேச்சைத் தொடங்கினார். கருவாட்டுக் குழம்பும் பூண்டு வதக்கலும். மேலே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ நடந்திருக்கிறது என்பது தெரியும்.

"மேல மூணு நாளா ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. இந்தக் குளிர்ல எதுக்கு ஃபேன்?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஃபேன், அத்தா," என்றான் ஜாசிம்.

"அதுக்கு மட்டும் வேர்க்குதாக்கும். சபுரா, நம்ம மாடியில யாருக்கோ வேர்க்குதாம்."

சீசனுக்கு அந்த இரண்டு அறையையும் வாடகைக்கு விட்டிருந்தால் என்று அவர் எப்போதும் தொடங்குகிற பேச்சை அன்றைக்குத் தொடங்கவில்லை. மருமகள் தட்டில் சோறு அப்படியே கிடப்பதைப் பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியைத் தானே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அதுதான் ஷாஸியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாப்பிட்டு மேலே வந்ததும் ஜாசிம் வேறு வழி ஒன்று இருக்கிறது என்றான். சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற சாஃப்ட்வேர். வெறுமனே இழுக்காது. இல்லாததைத் தானே யோசித்துப் போட்டுக்கொள்ளும். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம். பதினாலுக்கும் ஒன்றரை நாள் ஆனது. முடிந்தபோது ஷாஸியா திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

படம் அவர்கள் எடுத்ததைவிட நன்றாக இருந்தது. கிளை முழுக்கப் பூ மல்லிகைச் சரம் மாதிரி கூர்மையாக நின்றது. இலையில் பளபளப்பு இருந்தது. நிழல் மரத்தில் ஏறின மிளகுக் கொடியின் கணு தெரிந்தது. ஒன்பதாவது இடத்தில் கந்தம்மாள் நின்றாள். தோட்டத்தில் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்கிறவள். அந்த இடத்தில் தொட்டால் அவள்தான் பேசுவாள். பெரிதாக்கின படத்தில் அவள் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஷாஸியா கிட்டே போய்ப் பார்த்தாள். யாரோ ஒரு நல்ல பெண்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். கந்தம்மாளுக்கு மேல் உதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. சின்னப் படத்தில் அந்த முகம் பத்துப் பதினைந்து புள்ளிதான். தழும்பு அதில் எங்கே இருக்கும். மிஷின் அதற்குத் தெரிந்த முகத்தைப் போட்டுவிட்டது.

பிறகு அவள் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தாள். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். பக்கத்துப் பூவுக்கு ஆறு. அதற்கு அடுத்ததுக்கு நாலு. காப்பிப் பூவுக்கு எத்தனை இதழ் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டு நாள் பூவுக்குள்ளேயே நின்றும் எண்ணிப் பார்த்து எழுதாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது.

"மச்சான், இதழ் ஒண்ணு போல ஒண்ணு இல்ல."

"கோயம்புத்தூர்ல வந்து பூவ எண்ணவா போறாங்க."

"கந்தம்மா அக்கா மூஞ்சி அவங்க மூஞ்சி இல்ல."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். பூட்டின பூட்ட நாலு தடவ இழுக்குறவ நீ. இதையும் அப்படிப் பாக்காத," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னான். பிறகு சொன்னான், "கந்தவேல் அண்ணன்ட்ட நம்ம படத்தத் தொலைச்சுட்டோம்னு சொன்னா இந்த வேல நிக்காது. நிக்கலேன்னா நான் பத்தாந்தேதி கெளம்பணும். அது ஒனக்குத் தெரியும்."

தெரியும் என்றாள். தொலைத்தவளே அவள்தான்.

பெரும்பாறையில் நெட் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் பார்க்க வேண்டியதை யாராவது கையில் கொண்டு போய்க் காட்டுவதுதான் முறை. ஜாசிமுக்குத் தொடுதிரைக்கான வேலை பாக்கி இருந்தது. ஷாஸியா லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினாள். பெரிய படங்கள் ஒரு ஃபோல்டரில், சின்னவை இன்னொன்றில். சின்னவற்றை எதற்கு எடுத்துக்கொண்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றும் தீர்மானித்திருக்கவில்லை.

தாண்டிக்குடியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். இறங்க இறங்கக் குளிர் விட்டது. பெரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொஞ்சம் பலத்திருந்தது. நிழல் மரத்துக் கிளை கழித்துக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் காப்பி காயப்போடுகிற களத்துக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். ஒருத்தன் கெண்டைக்காலில் ஏறின அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தான். கந்தம்மாள் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றில் கை வைத்திருந்தாள். ஷாஸியாவைப் பார்த்ததும், வா தாயி, சாப்புடுறியா என்று கேட்டாள்.

கந்தவேலுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை மடித்துக் கட்டின வேட்டி, தலையில் பிளாஸ்டிக் சாக்கு. அவர் வீட்டிலிருந்து கருப்பட்டி போட்ட வரக்காப்பி வந்தது. மூட்டையைப் புரட்டிப் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைக்கச் சொன்னார். ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார். ஷாஸியா முதல் ஃபோல்டரைத் திறந்தாள். பெரிய படங்கள். கை தானாக அங்கே போனது.

கந்தவேல் கிட்டே குனிந்தார். விரலால் இழுத்துச் சுற்றிப் பார்த்தார். அவருடைய அப்பா வைத்த செடிகள் அவை. பங்குனிப் பூவில் அந்தத் தோட்டம் இப்படி இருந்ததை அவரே மறந்திருந்த மாதிரி இருந்தது. "ஏம்மா, இம்புட்டுத் தெளிவா எடுத்திருக்கீங்க," என்றார். கேமரா என்ன விலை என்று கேட்டார். ஷாஸியா விலையைச் சொன்னாள். காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது இடம் வந்ததும் ஆட்கள், கந்தம்மா அக்காதான் என்று சத்தம் போட்டார்கள். கந்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு முந்தானையில் துடைத்தபடி வந்தாள். குனிந்து பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"இது ஆரு?"

"நீதான் ஆத்தா," என்றான் சுண்ணாம்பு வைத்தவன். "படத்துல பாத்தா பத்து வயசு கொறைஞ்சுட்ட. அடுத்த மொகூர்த்தத்துல முடிச்சுரலாம்."

கொட்டகை சிரித்தது. கந்தவேலும் சிரித்தார்.

"இல்ல மொதலாளி. நான் நின்ன எடந்தான். துண்டு என் துண்டுதான். ஆளு வேற."

"ஒனக்குக் கண்ணாடி போடணும் கந்தம்மா. போன மாசமே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன்ல."

"அப்படிங்கறீங்களா," என்றாள் கந்தம்மாள். இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். கை தன்னை அறியாமல் மேல் உதட்டுக்குப் போய்த் தழும்பைத் தொட்டுவிட்டு வந்தது. "அப்ப நாந்தான் போல. எனக்குத்தான் தெரியல," என்று சொல்லிவிட்டுத் தன் தூக்குவாளிக்குத் திரும்பிப் போனாள்.

ஷாஸியாவுக்கு அந்தப் பேச்சு பழகின பேச்சாக இருந்தது. எனக்குத்தான் தெரியல. எத்தனை தடவை அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். சரியாகப் பார்த்த பிறகும், சரியாக எழுதின பிறகும், எதிரில் இருப்பவர் உறுதியாகச் சொன்னால் தன் கண்ணை விட்டுவிடுவது. அந்த ஆளைப் போய் அப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்று இருந்தது.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அது நீங்க இல்ல," என்றாள்.

சிரிப்பு நின்றது. கந்தவேல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கந்தம்மாளைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினாள். அவரைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது. மே மாதம் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து செய்ததைச் சொன்னாள். படம் சுருங்கிப் போனதையும், வைத்திருந்த இன்னொன்றும் அதோடு போனதையும் சொன்னாள். இப்போது பார்த்தது கேமரா எடுத்தது இல்லை, மிஷின் யோசித்துப் போட்டது என்றாள். தன் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, தான் செய்தது என்று இரண்டு தடவை சொன்னாள்.

கந்தவேல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. பாக்க வர்றவனுக்கு மட்டும் தெரியப் போகுதா," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஷாஸியா, காப்பிப் பூவுக்கு எத்தனை இதழ் என்று கேட்டாள். கந்தம்மாள் சோற்றிலிருந்து தலை தூக்காமல் அஞ்சு என்றாள்.

அவர் திரையில் ஒரு கிளையைப் பெரிதாக்கிக் கொண்டார். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். உதடு அசைந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிச் செடிகளுக்கு நடுவே போனார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது எவ்வளவு ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் ஜாசிமின் துணிகளை மனசுக்குள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். கோபம் முகத்தில் இருந்தது, பேச்சில் இல்லை.

"காப்பி வாங்குறவன் செடியப் பாத்துத்தாம்மா விலை பேசுறான். நாளைக்கு இங்க வந்து நிப்பான். நான் அவன்ட்ட ஆறு இதழ் பூவ எங்க போய்க் காட்ட? எங்கப்பா வச்ச செடி இதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

அவள் பெரிய படத்தை மூடினாள்.

"சின்னது வச்சிருக்கியா? அது நெசந்தானா?"

"நெசந்தாண்ணே. சின்னதா இருக்கும், அவ்வளவுதான்."

அதைத் திறந்து காட்டினாள். லேப்டாப் திரையிலேயே ஓரம் கொஞ்சம் மங்கித்தான் தெரிந்தது. கந்தம்மாளை அவர் கூப்பிட்டார். அவள் வந்து ஒரு நொடி பார்த்துவிட்டு, விரலை வைக்காமல் தாடையால் காட்டினாள். "இந்தா நிக்கேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டு." முகம் என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரு கறுப்புப் புள்ளி, அதன்மேல் சிவப்புத் துண்டு. மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்து, ஆமா, அவதான், நிக்கிற நெலையே காட்டிக் குடுக்குதே என்றார்கள்.

கந்தவேல் கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். "ஆளுயரத் திரையில இதை எப்படிப் போட?"

முழுத் திரைக்கும் இழுத்தால் கரைந்து போகும், நடுவில் இந்த அளவிலேயே வைக்கலாம், சுற்றிலும் ஒன்றும் இல்லாமல் விடலாம் என்றாள் ஷாஸியா. பேச்சும் தேனீச் சத்தமும் சுருக்கிக்குள் போகவில்லை, அது எடுத்தபடியே இருக்கிறது என்றாள். சொன்னதும், இது நன்றாக இருக்குமா என்ற சந்தேகம் அவளுக்கு உடனே வந்தது. அதைச் சொல்லாமல் விட்டாள்.

"சின்னதா இருந்தா சின்னதாவே வை," என்றார். "அடுத்த பங்குனிக்கு மழை பெய்யணும். பூத்தா கூப்புடுறேன். ரெண்டு பேரும் வரணும். படம் எடுத்து முடிச்சதும் நகல் எடுத்துக்கிட்டு, கார்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போகணும். கார்டு என் பீரோல கெடக்கும்."

அது நம்பிச் சொன்னதா, இனி நம்ப மாட்டேன் என்று சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சரிண்ணே என்றாள். மழை விட்டதும் ஆட்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கந்தம்மாள் போகிற போக்கில் அவள் முதுகில் ஈரக் கையால் தட்டிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஷாஸியாவுக்கு உடம்பு முழுக்க அசதி இறங்கியது. ஒரு திருப்பத்தில் போன் சிணுங்கியது. டவர் கிடைத்துவிட்டது. ஜாசிம் ஏழு தடவை கூப்பிட்டிருந்தான். அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"பாத்தாரா? என்ன சொன்னாரு?"

"நான் சொல்லிட்டேன் மச்சான். எல்லாத்தையும்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கந்தவேல் சொன்னதையும், சின்னப் படத்தையே வைக்கச் சொன்னதையும், அடுத்த பங்குனியையும், பீரோவையும் சொன்னாள். கந்தம்மாள் தன் முகத்தைத் தானே சந்தேகப்பட்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போனது. கீழே கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் போனுக்குள் லேசாகக் கேட்டது. பஸ் மேலே ஏற ஏற ஜன்னல் கண்ணாடியில் புகை மாதிரி மஞ்சு படர்ந்தது.

"ரெண்டு பேரையும் வரச் சொன்னாரா?" என்றான்.

"ரெண்டு பேரையும்தான்."

"அப்ப பத்தாந்தேதிக்கு நான் என்ன சொல்ல?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். அவன் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அந்தச் சின்னப் படம் அகலம் எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"பதினாலுமா?"

"பதினாலும்."

"உயரம்?"

"ஆயிரம்."

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. கொஞ்சம் தட்டி நின்றது. மறுபடி தட்டியது. அவன் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. ஷாஸியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த கொண்டை ஊசித் திருப்பத்தில் டவர் போகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.